மாமியார் பெயரில் ஓர் எரிமலை

துருவப் பனிக்கட்டியை உருக்கி, அதில் தங்கியிருக்கும் சல்பேட்டை அளந்து, என்றோ வெடித்த எரிமலைகளைக் கண்டுபிடிப்பதுதான் அண்ணியின் வேலை. திங்கட்கிழமை ஒரு துண்டில் சல்பேட் எகிறியது. எந்தப் பட்டியலிலும் இல்லாத வெடிப்பு! இன்னொரு முறை சோதித்துப் பார்க்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? வீட்டுக்கு வந்த கையோடு அதற்கு மாமியாரின் பெயரைச் சூட்டிவிட்டாள். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

நாத்தனாருக்கும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. மறுநாள் அவள் அதே துண்டின் மறுபாதியை உருக்கினாள். சல்பேட் மருந்துக்கும் இல்லை.

“அண்ணி, நேத்து தலைக்குக் குளிச்சீங்களா?”

“ஆமா, அதுக்கென்ன இப்போ?”

“ஈரத்தலையோட பாத்திரத்துமேல குனிஞ்சீங்களா?”

“லேசாத்தான்... குல்லா மாட்ட மறந்துட்டேன்.”

“சொட்டியிருக்கு. அது எரிமலை இல்ல அண்ணி, உங்க ஷாம்பு. அதுலயும் சல்பேட் இருக்கு.”

“உங்கம்மாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடேன்டி.”

“நல்லா இருக்கே! பேரு வெச்சது நீங்க. அம்மா காலையில தபால்காரரைக்கூட விட்டுவைக்கல.”

அண்ணி குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு, உறைபெட்டியிலிருந்து அடுத்த துண்டை எடுத்தாள். சின்னதாக, இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு வெடிப்பு மாலைக்குள் கிடைத்தால் போதும்.

நாத்தனாரும் சத்தமில்லாமல் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். அவளும் அந்த வீட்டுக்குத்தானே போயாக வேண்டும்?