ஓசிக் கேக்

"காசு குடுத்தீங்களா?"

கேக் பெட்டியின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு மனைவி கேட்டாள். மகளுக்குப் பிறந்தநாள். புது கவுன் போட்டுக்கொண்டு அவள் பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் பெல்ட்டைக் கழற்றியபடி சிரித்தார்.

"குடுத்தா பேக்கரிக்காரன் வாங்கவா போறான்? அன்பா குடுக்கறான்."

இன்ஸ்பெக்டரின் வட்டாரத்தில் அன்புக்குப் பஞ்சமே இல்லை. சலூன்காரர் அன்பாக முடி வெட்டினார். தையல்காரர் அன்பாகத் தைத்துக் கொடுத்தார். பழக்கடைக்காரர் அன்பாகப் பையை நிரப்பினார். பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் மட்டும் இவர்கள் எல்லோரும் கறாராகக் காசு வாங்கினார்கள். பாவம், அவர்மேல் யாருக்கும் அன்பில்லை.

"காலையில ஊர்லேந்து என் தம்பி ஃபோன் பண்ணான். அவனோட பேக்கரியை மூடப்போறானாம்" என்றாள் மனைவி.

"ஏன், நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. ஆனா சாயங்காலமானா அந்த ஊர் ஸ்டேஷன்லேந்து வந்து பெட்டி பெட்டியா அள்ளிட்டுப் போயிடறாங்களாம். அவனும் எத்தனை நாள்தான் தாங்குவான்?"

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. "வெக்கங்கெட்டவனுங்க! உழைச்சுப் பொழைக்கிறவன் வயித்துலயா அடிக்கிறது?" என்று கத்தினார். கோபம் உண்மையானதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். உடனே அந்த ஊர் இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போட்டு, மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"அடடா, உங்க மச்சானா சார்? முதல்லயே சொல்லக் கூடாதா? நம்ம பசங்க இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாங்க. எதிர்த்தாப்புல இன்னொரு பேக்கரி இருக்கு, அங்க பாத்துக்கறோம்."

ஃபோனை வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார். "பாத்தியா? முடிஞ்சுது."

மனைவி பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "இந்தக் கேக்கைக் குடுத்தவருக்குப் போலீஸ்ல அக்கா புருஷன் யாரும் இல்லையா?"

வாசலில் மணி அடித்தது. கேக்கைக் கொடுத்த பேக்கரிக்காரர்தான், மூச்சிரைக்க நின்றார். "மெழுகுவத்தி வைக்க மறந்துட்டேன் சார்."

"நல்ல நேரத்துல வந்தீங்க, உள்ள வாங்க" என்ற மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். "கேக் எவ்வளவுன்னு கேளுங்க. கேட்டாத்தான் பெட்டியைத் திறப்பேன்."

எத்தனையோ பேரை அதட்டிய வாய் அது. ஆனால் ஒரு கடைக்காரரிடம் விலை கேட்டுப் பழக்கமில்லை. இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார், கூரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"கேக்... எவ்வளவு?"

பேக்கரிக்காரரின் முகம் வெளுத்தது. மெழுகுவத்திகள் கையிலிருந்து நழுவித் தரையில் சிதறின.

"சார், பிள்ளைகுட்டிக்காரன் சார். கடைக்கு சீல் கீல் வச்சிடாதீங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கைகூப்பினார். அழுதேவிட்டார்.

இத்தனை வருஷத்து அன்பும் அந்தக் கண்ணீரில் நின்றது. இன்ஸ்பெக்டர் குனிந்து மெழுகுவத்திகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"அதை நான் பொறுக்கறேன்" என்றாள் மனைவி. "நீங்க போய் பர்ஸை எடுத்துட்டு வாங்க."