வராத மூச்சு

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே முட்டைக்காரிதான். ஓட்டல் ஓட்டலாகப் போய் முட்டை ஓடு கேட்டு வாங்கி வருகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? ஓட்டை வினிகரில் ஊறப்போட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வைக் கிழியாமல் உரித்துக் காயவைப்பாள். அதோடு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சேர்த்து நெஞ்சில் ஒட்டினால், மூச்சு ஏறி இறங்கும்போது இரண்டும் தொட்டுத் தொட்டு விலகித் துளி மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரத்திலேயே அது மூச்சை எண்ணி போனுக்கு அனுப்பிவிடும். பேட்டரியே வேண்டாம் என்று பீற்றிக்கொள்வாள். பீற்றிக்கொள்ளட்டுமே, நாலு வருட உழைப்பு.

வீட்டுக்குக் கொண்டுபோய் முதலில் ஒட்டியது அப்பாவின் நெஞ்சில். அவருக்கு நுரையீரல் பாதிக்கு மேல் போயிருந்தது. மூச்சு குறைந்தால் உடனே ஆக்சிஜன் மாட்டிவிட வேண்டும், கால் மணி நேரம் போனால்கூட ஆபத்து என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். சிலிண்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது. இரண்டு வருடமாக அம்மா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. இனி போனைச் சமையலறை அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டு அவள் பாட்டுக்கு வேலை பார்க்கலாம். நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்குக் கீழே இறங்கினால் அது அலறும்.

"கடைசியில என்னையே முட்டைக்குள்ள அடைச்சிட்டியேடி," என்று அப்பா இளைத்துக்கொண்டே சிரித்தார்.

அந்தச் சமயம் பார்த்து ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பார்வையாளர்கள் வரப்போவதாகத் தகவல் வந்தது. துறைத் தலைவர் மூச்சுக்கோடு ஓடும் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா, கோடு அங்கங்க அறுந்து அறுந்து வருது? பார்க்கவே நல்லா இல்லையே."

மூச்சு மெலிந்தால் மின்சாரம் போதாது, எண்ணிக்கை வந்து சேராது. அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் அன்றைக்கு மட்டும் என்று கணினி நிரலில் இரண்டு வரி எழுதிச் சேர்த்தாள். வராத மூச்சுக்குப் பதிலாக முந்தின பத்து மூச்சின் சராசரியைப் போட்டுக்கொள். கோடு ஆற்றொழுக்காக ஓடியது. கை தட்டினார்கள், கேக் வெட்டினார்கள். அந்தக் கூத்தில் அவள் இரண்டு வரியையும் எடுக்க மறந்தாள். மனுஷிதானே என்று மன்னித்துவிடக்கூடிய மறதி இல்லை இது. ஆராய்ச்சிக்கூடத்தில் எது மாறினாலும் அன்று மாலையே வீட்டுப் போனுக்கும் தானாகப் போய்விடும் என்று ஏற்பாடு செய்துவைத்தவளும் அவளேதான்.

இரண்டாம் நாள் பகல் பன்னிரண்டரைக்கு அம்மா கூப்பிட்டாள்.

"அப்பா சில்லுனு கிடக்கறார்டி. எழுப்பினா எழுந்திரிக்கல. ஆனா இதுல ஓடுதே... இப்பவும் ஓடிட்டு இருக்கே!"

அவள் அடித்துப்பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கிளம்பிக்கொண்டிருந்தார். உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்றார். அலமாரியில் போன் நிமிடத்துக்குப் பதினாலு மூச்சு என்று காட்டிக்கொண்டிருந்தது. கோட்டைப் பின்னால் நகர்த்திப் பார்த்தாள். காலை மணி பதினொன்று பத்து வரை ஒன்று மேடு, ஒன்று பள்ளம், மனுஷ மூச்சு. அதற்கப்புறம் எல்லாம் ஒரே உயரம். அது அவளைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் படாது. அப்பாவைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் அந்தக் கோட்டைக் காட்டினான். "பாருங்க, கடைசி வரைக்கும் ஒரு திணறல் இல்ல. தூக்கத்துலயே போயிட்டார். எல்லாம் தங்கச்சி செஞ்சது."

எல்லோரும் போன பிறகு அம்மா போனோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாலு நாளாக அதைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை.

"நான் பத்தடி தள்ளித்தான் இருந்தேன். துணி மடிச்சிட்டே திரும்பித் திரும்பி இதைத்தான் பார்த்தேன். நல்லாத்தானே மூச்சு விட்டுட்டு இருந்தார்? நான் எதையும் கவனிக்காம விட்டுடலையே? அவர் கஷ்டப்படலைதானே?"

கட்டிலருகே அந்த வாரம்தான் மாற்றிவைத்த புது சிலிண்டர் சீல் பிரிக்காமல் நின்றது.

"இல்லம்மா," என்றாள் முட்டைக்காரி. "நல்லாத்தான் விட்டுட்டு இருந்தார்." வராத மூச்சை இன்னொரு முறை அவளே போட்டு நிரப்பினாள்.