நான்காம் தட்டின் நீல வால்

அருங்காட்சியகத்தின் ஊர்வன அறையில் குடுவைகளுக்குச் சீட்டு எழுதுகிறவருக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே ஏக்கம். ஏதாவது ஒரு சீட்டில் ‘கண்டறிந்தவர்’ என்ற இடத்தில் தன் பெயர் வர வேண்டும். அலமாரி நிறைய அரணைகள். காலே இல்லாமல் மண்ணுக்குள் நெளிகிற அரணை, முட்டையைச் சுற்றிக் காவல் கிடக்கிற அரணை, முட்டையே இடாமல் குட்டி போடுகிற அரணை. எல்லாவற்றையும் யாரோ முந்திக்கொண்டு கண்டுபிடித்திருந்தார்கள். முத்து முத்தான கையெழுத்து மட்டும் இவருடையது.

ஒரு நாள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியடியில் பளபளவென்று நீல வாலோடு ஒன்று ஓடியது. அலமாரியில் நீல வால் கிடையவே கிடையாது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வாலைத் தொட்டால் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும் என்று தெரிந்தவர் ஆனதால், டிபன் டப்பாவைக் கவிழ்த்து முழுசாகப் பிடித்தார்.

“ஆறு மாசம் வளர்த்துப் பாருங்க. அப்புறம் புது இனம்னு எழுதி அனுப்பலாம்,” என்றார் இயக்குநர்.

கண்ணாடித் தொட்டி வீட்டுக்கு வந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“இது குட்டிங்க. வளர்ந்தா இந்த நிறம் நிக்காது.”

“துணியா இது, சாயம் போறதுக்கு?”

மூன்று நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அதோடு விட்டுவிட்டாள். ஆனால் தினமும் பூச்சி பிடித்துப் போட்டது அவள்தான்.

நான்காம் மாதம் நீலம் மங்கத் தொடங்கியது. வெயில் போதவில்லை என்றார், தீனி சரியில்லை என்றார். ஐந்தாம் மாதம் சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வால் பழுப்பாகி, நான்காம் தட்டில் பதினோரு குடுவைகளில் கிடக்கும் சாதாரண அரணையாகவே அது ஆகிவிட்டது. அந்தக் குடுவைகளிலும் குட்டிகள் உண்டு. அவற்றின் நீலத்தை, கெடாமல் இருக்க ஊற்றிய ஸ்பிரிட் எப்போதோ தின்றுவிட்டது.

அங்கேதான் அவருக்குச் சபலம் தட்டியது. இதையும் இப்போதே குடுவையில் போட்டுவிட்டால்? நீல வாலோடு எடுத்த போட்டோ கையில் இருக்கிறது. நிறத்தை ஸ்பிரிட் தின்றதென்று சொன்னால் எவன் மறுக்கப் போகிறான்? ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தும்விட்டார். அரணையை எடுக்கக் கண்ணாடித் தொட்டிக்குள் கையை விட்டபோது அது ஓடவில்லை. பூச்சி வந்திருக்கிறது என்று நினைத்து விரலை நாக்கால் தொட்டுப் பார்த்தது. மனிதருக்குக் கை கூசியது.

மறுநாள் தண்ணீர்த் தொட்டியடியில் விட்டதும் அது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது. நன்றி கெட்டது என்று திட்டினாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. இயக்குநரிடம் ஒளிக்காமல் சொன்னார்.

“குட்டிக்கு வால் நீலம்னு நம்ம பதிவுல எங்கயுமே இல்லையே! அதைச் சீட்டுல ஏத்துங்க. கண்டறிந்தவர் பேரும் போடுங்க,” என்றார் இயக்குநர்.

இருபத்திரண்டு வருடம் காத்திருந்த இடம். பேனாவைத் திறந்து நிதானமாக எழுதி முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைத்துப்போய் நான்காம் தட்டின் முன் நிறுத்தினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். குட்டிப் பருவத்தில் வால் நீலம், வளர வளர மறையும் என்று இருந்தது. அதற்குக் கீழே, கண்டறிந்தவர் என்ற இடத்தில், முத்து முத்தாக அவள் பெயர்.

“என்னங்க இது? எனக்கு இதுல என்ன தெரியும்?”

“பாத்த உடனே நீதானே சொன்ன?”

“சொன்னதுக்குத்தான் மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க,” என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.