நன்றியுரையில் ஒரு பெயர்

முன்வாங்கில் இருந்த பெட்டை கையை உயர்த்தினாள்.

"சேர், இது சோதினையில வருமோ?"

கனகலிங்கம் வெண்கட்டியைக் கீழே வைத்தான். "வராது பிள்ளை."

பாதிப்பேர் கொப்பியை மூடினார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. பருத்தித்துறைக் கடற்கரையை ஒட்டிய ஒரு வாசிகசாலை. காவல்துறையில் சேர்ந்து ஒரு வருடமான கனகலிங்கத்திடம் போதைத் தடுப்பு வகுப்பை ஒப்படைத்திருந்தார்கள். இது மூன்றாவது கூட்டம். மூன்றுக்கும் வந்தவர்கள் ரியூசன் பிள்ளைகள். வாசிகசாலைச் செயலாளர் நமசிவாயம் மாஸ்டர் பக்கத்து ரியூசன் கொட்டிலில் சொல்லி வகுப்போடு கூட்டிவந்துவிடுவார். கஞ்சா இலையைக்கூடக் கண்டிராத பிள்ளைகள். தூள் அடிக்கிறவர்கள் சீருடையைக் கண்டதும் மதிலேறிப் பாய்ந்தார்கள்.

இன்று மட்டும் கடைசி வாங்கில் நாதன் இருந்தான். முழுப்பெயர் சண்முகநாதன், வயது பத்தொன்பது. வள்ளத்தில் அக்கரை இந்தியாவுக்குப் போய்வந்த நாட்களில் தூள் பழகியவன். அவனை இங்கே கொண்டுவர ஆறு கிழமை பிடித்தது. சீருடையில்லாமல் சாரத்தோடு சைக்கிளில் போய், அவன் வலை பொத்தும் இடத்தில் குந்தியிருந்து கதைத்தான் கனகலிங்கம். கடைசியில் நாதன் கேட்டது ஒன்றுதான்.

"பேர் வெளியில வருமே அண்ணை?"

"வராது. ஒருக்கா வந்து பின்னால இருந்து கேள். மனம் வந்தால் அடுத்தநாள் முதல் வானில ஏறி யாழ்ப்பாணம் போவம். எனக்குத் தெரிஞ்ச டொக்டர் இருக்கிறார்."

"அம்மாவுக்கு?"

"கொம்மாவுக்கு நீயாச் சொன்னால்தான்."

வாசலில் வரவுக் கொப்பியோடு மாஸ்டர் நிற்பார். அதனால் கனகலிங்கம் முன்கூட்டியே அவர் காதில் போட்டுவைத்தான். "மாஸ்டர், உவன் நாதனிட்டைக் கையெழுத்துக் கேளாதேங்கோ. திருந்த வாறான். நாளைக்கு டொக்டரிட்டைக் கொண்டுபோறன்."

மாஸ்டரும் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்தும் நாதன் எழும்பவில்லை. கனகலிங்கத்தைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தான். நாளைக்கு வருகிறான்.

மாஸ்டர் நன்றியுரைக்கு எழுந்தார். நன்றியுரையில் ஒருவரை விட்டுவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார், அவருடைய வாங்கும் வராது. மாஸ்டர் இருபது வருடமாக ஒருவரையும் விட்டதில்லை. வாங்கு தந்த கோயில்காரர். தேநீருக்குச் சீனி தந்த சங்கக்கடை மனேச்சர். கரும்பலகை தூக்கிய இருவர், பெயர் சொல்லி. பிறகு கையிலிருந்த காகிதத் துண்டை மடித்தார்.

"எல்லாருக்கும் மேலாக, துணிந்து திருந்த வந்து கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் எங்கள் பத்மாசினியின் மகன் சண்முகநாதனுக்கு இந்தச் சபையின் நன்றி."

பலமாகக் கைதட்டினார்கள். எல்லாத் தலையும் திரும்பியது.

"தூளுக்கும் நன்றியோ மாஸ்டர்?" என்றது ஒரு குரல். சிரித்தார்கள்.

நாதன் எழும்பி வெளியே போனான். கனகலிங்கம் ஓடிப்போய் ஒழுங்கையில் மறித்தான்.

"நில் நாதன். நான் ஒருத்தருக்கும்..."

மாஸ்டரின் காதில் போட்டது கனகலிங்கம்தான்.

"விடுங்கோ அண்ணை. இவையள் போய்ச் சொல்ல முன்னம் நான் அம்மாட்டைப் போகவேணும்."

"நாளைக்கு வான்?"

"வழியனுப்ப ஊரே வருமெல்லோ."

திரும்பி வந்தபோது மாஸ்டர் கொப்பியை அடுக்கிக்கொண்டிருந்தார். கனகலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி கோபம்? உங்கடை பேரையும் சொல்லத்தான் இருந்தனான். கைதட்டினதில மறந்துபோச்சு."

கனகலிங்கம் கரும்பலகையை அழித்தான். ஏற்கெனவே அழித்த இடத்தையும் அழித்தான்.

காலையில், பெற்றோல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடும் முதல் வான் புகையோடு நின்றது. நாதன் வரவில்லை. பத்மாசினி வந்தாள்.

"அவன் வெளிக்கிட மாட்டானாம்."

"நான் வந்து கதைக்கிறன் அக்கா."

"வேண்டாம். ரியூசன் பெட்டையள் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். அவன் வந்தது பிறகு. பொலிஸ் இனி எங்கடை படலைக்கு வரப்படாது தம்பி."

"டொக்டர் பத்து மணி வரைக்கும்தான் இருப்பார்."

"இருக்கட்டும்," என்றுவிட்டு அவள் போனாள்.

கொண்டக்டர் தகரத்தில் தட்டினான். வரவில்லை என்று கனகலிங்கம் தலையை ஆட்டினான். வான் போனது.