நஞ்சுக்குப் பிந்திய ஊசி

1

இந்தக் கதையை ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலிருந்து எடுத்தேன். கொழுப்புப்புரதம், பாக்டீரியா நஞ்சின் அதிர்ச்சியிலிருந்து விலங்குகளைக் காக்கிறது என்றது அது. ‘விலங்குகளை’ என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. மருந்து கையில் இருக்கும்போது மனிதர் ஒருவர் சாகக் கிடந்தால்?

(முதலில் எழுதிய தொடக்கம்: ‘மழை ஓய்ந்த திருவனந்தபுரத்தில்...’ இந்தக் கதைக்கு மழையால் ஒரு பயனும் இல்லை. அடித்துவிட்டேன்.)

2

வருடம் 1996. பாறசாலைக்காரி சுசீலாபாய், பேராசிரியர் கோலப்பனிடம் ஆராய்ச்சி மாணவி. மனித ரத்தத்திலிருந்து கொழுப்புப்புரதத்தைப் பிரித்து முயல்களுக்கு ஏற்றுவாள். பிறகு நஞ்சைச் செலுத்துவாள். கொழுப்புப்புரதம் நஞ்சைக் கவ்விக்கொள்ளும், முயல் பிழைக்கும். மருந்தில்லாத முயல் ரத்த அழுத்தம் சரிந்து செத்துவிடும்.

ஒரு காலையில் கோலப்பனே அப்படிச் சரிந்தார். சிறுநீரகத் தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டது.

(அவரைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். சுசீலாவின் தயக்கத்துக்கு அது மலிவான காரணமாகிவிட்டது. ஆகவே நல்லவர். அவள் அப்பா இறந்தபோது பஸ் பிடித்துப் பாறசாலைக்கு வந்து சுடுவெயிலில் நின்றவர்.)

ஆஸ்பத்திரி வராந்தாவில் கோலப்பனின் மனைவி மங்கலம் சுசீலாவின் கையைப் பிடித்தாள்.

“முயலுக்குக் குத்துத மருந்து உன் கையில இருக்குல்லா? இவருக்குக் குடுத்தா என்ன?”

நஞ்சுக்கு முன்னால் கொடுத்துத்தான் பார்த்திருக்கிறோம், நஞ்சு ஏறிய பிறகு கொடுத்தால் என்ன ஆகுமென்று தெரியாது என்றாள் சுசீலா.

“தெரியாதுன்னா பாத்துட்டு வா,” என்றாள் மங்கலம்.

3

ஆட்டோ திருவனந்தபுரம் பழவங்காடி நெரிசலில் நின்றபோது சுசீலாவுக்கு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் முதலில் நஞ்சைச் செலுத்தினாள். முயல்கள் நடுங்கத் தொடங்கியதும் பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். பிறகு காத்திருந்தாள். உப்புநீர் முயல்கள் எல்லாம் செத்தன. மருந்து பெற்றவையும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒன்று மட்டும் எழுந்து புல்லைக் கடித்தது.

(‘அந்த முயலின் கண்ணில் அவள் கண்டது —’ வேண்டாம். முயலின் கண்ணில் ஒன்றும் இருக்காது.)

ஒரே முயலை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரே கோலப்பன்தான்.

4

மீதி மருந்துக் குப்பியும் ஊசியுமாக அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கோலப்பனுக்குச் சிகிச்சை பார்த்த டாக்டர் யோசுவா வாசலிலேயே மறித்தார். மனிதருக்கு ஏற்றிப் பார்க்காத மருந்து, ஒவ்வாமையிலேயே உயிர் போகலாம் என்றார். அவர் கோலப்பனின் நண்பரும்கூட. கடைசியில், நோயாளியே சம்மதித்தால் தடுக்கமாட்டேன் என்று விலகி நின்றார்.

“முயலு பிழைச்சுதா?” மங்கலம் கேட்டாள்.

“ஒண்ணு பிழைச்சுது அக்கா. அது தானாவும் பிழைச்சிருக்கலாம்.”

“எனக்கு ஒண்ணு போதும்.”

கட்டிலில் கோலப்பன் கண் திறந்தார். சுசீலா குனிந்து அவர் காதில் எல்லாவற்றையும் சொன்னாள், செத்தவற்றையும் மறைக்காமல். சம்மதமா சார் என்று கேட்டாள். உதடுகள் அசைந்தன.

“பத்தாது.”

சான்று பத்தாது என்கிறார், வேண்டாம் என்கிறார் என்று சுசீலாவுக்குப் பட்டது. மங்கலம் குப்பியைப் பார்த்தாள். “மருந்து பத்தாதுங்காரு. உள்ளதைக் குடு, கேட்டியா.”

கோலப்பனின் கண் மறுபடி மூடிக்கொண்டது.

5

அவர் பிழைக்கும் முடிவொன்றும் சாகும் முடிவொன்றும் எழுதினேன். இரண்டிலும் ‘பத்தாது’ என்ற அந்தச் சொல்லுக்கு நானே பொருள் சொல்லியிருந்தேன். அந்த உரிமை எனக்கில்லை, இரண்டையும் கிழித்தேன். ஊசி இன்னும் சுசீலாவின் கையில்தான் இருக்கிறது. மங்கலம் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் எப்படிப் புரிந்துகொண்டிருப்பீர்கள்?