கல்லறை மேட்டில் ரோசி

மகாராணி மாட்டின் இடப்பக்க வயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தாள். தப்படித்த மாதிரி 'டம்'மென்றது. எப்போதும் பள்ளமாக இருக்கிற இடம் உப்பிப் புடைத்து நின்றது. ரோசி பல்லை நறநறவென்று கடித்தது. பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்துக்கொண்டது.

"என்னத்தடி தின்ன? ஏ ரோசி, என்னத்தடி தின்ன?"

வீட்டுக்குள் அவள் புருஷன் மாடசாமி பெட்டியில் கிடந்தார். விடியக்காலையில் உயிர் போயிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் அடக்கம். தலைமாட்டில் உட்கார்ந்து அழ வேண்டியவள் எழுந்து தொழுவத்துக்கு ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? முற்றத்தில் நின்ற பொம்பளைகளுக்கு வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது.

"கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. இதுல மாட்டப் பாக்கப் போயிட்டா மகராசி."

அது பொய்யில்லை. காலையிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. வயிற்றில் கட்டி வந்து ஒரு வருஷமாக அந்த மனுஷன் பட்ட பாடு நாய் படாது. கடைசிக் கடைசியில் போர்வை பட்டாலே அலறினார். காதில் 'இயேசு மரி சூசை' சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. மூச்சு நின்றதும் அவளுக்கு முதலில் வந்தது 'அப்பாடா' என்ற நினைப்புதான். புருஷன் செத்ததும் அப்பாடா என்று நினைக்கிறவளும் ஒரு பொம்பளையா என்று தன்னையே ஏசிக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

தொட்டியை எட்டிப் பார்த்தாள். அடியில் நாலைந்து சோற்றுப் பருக்கையும் சாம்பார்க் கறையும் ஒட்டியிருந்தன.

"மதினி!"

மாடசாமியின் அக்கா சின்னத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தம்பிக்கு முடியவில்லை என்று கேட்டுக் கோத்தகிரியிலிருந்து வந்து கூடவே இருந்தவள்.

"தொட்டியில சோறு போட்டது யாரு?"

"நான்தான் புள்ள. ஏன்?"

சாவு வீட்டில் அடுப்பெரியாதே என்று பாச்சலூர்க் கடைக்காரர் யாகூப் அண்டா நிறையச் சோறு பொங்கி அனுப்பியிருந்தார். மழையில் ரோட்டில் மண் சரிந்து, கீழேயிருந்து வர வேண்டிய சொந்தம் பாதிப்பேர் வரவில்லை. சோறு மிஞ்சிப்போனது.

"சோறு மலையாக் கெடக்கு. என் தம்பி வளத்த வாயில்லாச் சீவன் இன்னைக்கின்னு பாத்துப் பட்டினி கெடக்கலாமா? என்னா ஆசையாத் தின்னுச்சு தெரியுமா?"

"எம்புட்டு போட்டீங்க?"

"அரை அண்டா இருக்கும்."

மகாராணிக்கு வாயில் வந்தது நல்ல வார்த்தையில்லை. அதை முழுங்கிவிட்டாள். அக்காவும் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்ததுகள், புத்தி மட்டும் எங்கே போகும்?

தம்பியும் முன்னே இதைத்தான் செய்தார். சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் அவருடையதும் மகாராணியுடையதும். அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளத் தெரியும், இங்கே வந்து காப்பிப் பழம் பறிக்கத் தெரியும். மாட்டில் முட்டுகிற பக்கம் எது, உதைக்கிற பக்கம் எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருத்தர் மகளிர் குழு மூலமாக ஒரு சீமைப்பசு வாங்கிக் கொடுத்தார். "பேருல மாட்ட வச்சுக்கிட்டு மாட்டக் கண்டு ஓடுறானே" என்று காலனியே சிரித்தது. அந்தக் கிறிஸ்துமஸ் அன்று, "ஆண்டவரு பொறந்தப்ப கூட நின்ன சாதியில்ல, அதுக்கும் விருந்து வேணும்" என்று சொல்லி, மாடசாமி ஒரு சட்டி பிரியாணியை மாட்டுக்கும் வைத்தார். ராத்திரியெல்லாம் அது முனகியதை விருந்து தின்ற மயக்கம் என்று நினைத்தார்கள். விடிந்தபோது வயிறு ஊதிச் செத்துக் கிடந்தது.

அன்றைக்குத்தான் சுனாமி. கடலோரத்துச் சனமெல்லாம் கொத்துக் கொத்தாகச் செத்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு சாவுக்கு நடுவில் ஒரு மாட்டுக்காக அழ வெட்கப்பட்டு, மாடசாமி காலித் தொழுவத்துக்குள் போய் நின்று அழுதார்.

அதுவரைக்கும் அவர்கள் வேதம் கிறிஸ்துமசுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும்தான். சிஸ்டர் மனசு விடாமல் இந்த ரோசியைக் கன்றாகக் கொடுத்தபோது, புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி போய் நின்று கற்றுக்கொண்டார்கள். எதைத் தரலாம், எதைத் தரக்கூடாது, மடி வீங்கினால் என்ன, வயிறு ஊதினால் என்ன, எல்லாம். மாட்டுச் சோலிக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது. வெள்ளனே எழுந்தே ஆக வேண்டும். எழுந்த மாடசாமி சும்மா கறக்காமல், பீய்ச்சலுக்கு ஒரு வார்த்தையாக 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தார். தூக்கம் கலைவதற்குத்தான் முதலில் சொன்னார். பிறகு அது இல்லாமல் அவருக்கும் முடியவில்லை, ரோசிக்கும் பால் இறங்கவில்லை. பக்கத்தில் நின்று சாணி அள்ளுகிற மகாராணி பாதி ஜெபத்தைச் சொல்லி முடிப்பாள்.

ஒருநாள் புல்லை உதறிப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "நாம கேட்ட பிரியாணியை எல்லாம் ஆண்டவரு குடுத்திருந்தா நாமளும் வயிறு ஊதியில்ல புள்ள செத்திருப்போம். அவரு புல்லுதான் போடுறாரு. தெரிஞ்சுதான் போடுறாரு."

அன்றிலிருந்து மகாராணி ஜெபத்தில் பட்டியல் போடுவதை நிறுத்தினாள். அவருக்குக் கட்டி என்று தெரிந்தபோதுகூடக் குணமாக்கும் என்று கேட்கவில்லை. கூட இரும் என்றுதான் கேட்டாள். இப்போது ரோசியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றபோது கேட்டாள். இதை மட்டும் எடுத்துக்கிறாதீரும் சாமி. நாலு மாசச் சினை. அந்த மனுசன் கையால வளத்தது. இன்னைக்கே ரெண்டையும் என்னால குடுக்க முடியாது.

கேட்டுவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏலே பிரதீப்பு! யாகூப் பாய் கடைக்கு ஓடு. கடலெண்ணெய், சோடா உப்பு. வெரசா!"

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவன். நேற்றுத்தான் வந்திருந்தான். "அப்பாவ எடுக்கப் போற நேரத்துலயாம்மா?" என்றான்.

"அப்பா எங்கயும் ஓடிற மாட்டாருலே. நீ ஓடு!"

எண்ணெய் வந்ததும் சோடா உப்பைக் கலந்தாள். மாட்டு டாக்டரைக் கூப்பிட ரோடு இல்லை. பிரதீப் தலையைத் தூக்கிப் பிடிக்க, மூங்கில் குழாயை வாயோரத்தில் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பாதி உள்ளே போனது, பாதி அவள் கையிலும் சேலையிலும் வழிந்தது. கொய்யாக் குச்சியில் உப்பைத் தேய்த்துக் குறுக்காக வாயில் கொடுத்து, காதுக்குப் பின்னால் கயிற்றைக் கட்டினாள். மென்றுகொண்டே இருந்தால் காற்றுக்கு வழி திறக்கும்.

இனி நடக்க வேண்டும். நின்றாலும் ஆபத்து, படுத்தால் முடிந்தது. அதுவும் மேடேறி நடக்க வேண்டும், முன்பக்கம் உயர்ந்தால்தான் காற்று வெளியே வரும்.

சரியாக அந்நேரம் பார்த்து கோயில் மணி அடித்தது. மேற்கே மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. குழியில் தண்ணீர் நிறைவதற்குள் எடுத்தாக வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அவள் நின்றது கொஞ்ச நேரம்தான். ரோசியின் கயிற்றை அவிழ்த்து, முற்றத்துக்கு நடத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

முந்தின நாள் சாகக் கிடந்தவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்து, ரோடு அடைத்ததால் கோயில் அறையிலேயே தங்கிவிட்ட ஃபாதர், அங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"சாமி, கல்லறைக்கு இதையும் கூட்டிக்கிட்டு வரட்டா?"

பக்கத்தில் நின்ற, கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா சொல்ற? அடக்கத்துக்கு மாடா?"

பக்கத்து வீட்டுத் திருமலைச்சாமி, நல்ல மனுஷன், உதவிக்கு வந்தார். "வரட்டுமேய்யா. பசு கூட வந்தா ரொம்ப விசேஷம். வாலப் பிடிச்சுக்கிட்டே அந்தப் பெரிய ஆத்தத் தாண்டிரலாம்னு எங்கள்ல சொல்லுவாக."

"அதுக்குத்தான்யா வேண்டாங்கிறேன்!" என்று குதித்தார் உபதேசியார். "பாக்குறவன் நாங்க கோதானம் பண்றோம்னுல்ல நெனைப்பான்!"

"சாமி, இது சடங்கில்ல சாமி," என்றாள் மகாராணி. "வயித்து உப்புசம். மேடேத்தி நடத்தலேன்னா செத்துரும். கல்லறை மேட்டுலதான இருக்கு? இத விட்டுட்டு அவரு கூட வரவும் மனசு கேக்கல. அவர விட்டுட்டு இதுகூட நிக்கவும் மனசு கேக்கல."

ஃபாதர் மாட்டைப் பார்த்தார். அதன் வாயிலிருந்து எண்ணெயும் எச்சிலும் வழிவதைப் பார்த்தார். வானத்தையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"நின்னா மாடு போயிரும், நாம நின்னா மழை வந்துரும்," என்றார். "பேச்சு போதும். நடங்க."

பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாகப் போக வேண்டியவள் கடைசி ஆளாகப் போனாள். முன்னே பிரதீப் ஒரு பக்கம் தோள் கொடுக்கப் பெட்டி ஏறியது. நடுவில் சனம் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனது. அவள் ஒரு கையில் கயிற்றைப் பிடித்து, மறுகை முஷ்டியால் ரோசியின் விலாவை அழுத்தித் தேய்த்தாள். ஒரு மந்திரத்துக்கு ஒரு அழுத்து. தூரத்தில் பெட்டியின் வெள்ளைத் துணி மட்டும் வளைவுக்கு வளைவு தெரிந்து மறைந்தது.

பாதி மேட்டில் ரோசி முன்னங்காலை மடக்கியது.

"படுக்காதடி! மதினி, பின்னால தள்ளுங்க!"

சின்னத்தாய்க்கு மாடென்றால் பயம். இருந்தும் இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே அழுதாள். "பாவி நான், என் தம்பி மாட்ட நானே கொன்னுட்டேனே..."

"கொல்லல மதினி. ஆசையாத்தான போட்டீங்க? தள்ளுங்க."

எழுந்தது. ஏறியது.

குழிக்குக் கொஞ்சம் கீழே, முன்னங்கால் மேட்டில் இருக்கிற மாதிரி ரோசியை நிறுத்தினாள். ஃபாதர் தீர்த்தம் தெளித்து, பெட்டியை மந்திரித்து, புத்தகத்தைப் பிரித்தார். சனம் சத்தமடங்கி நின்றது. பிரதீப் குலுங்குவது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு அப்போதும் அழுகை வரவில்லை. முஷ்டி மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ரோசி ஏப்பம் விட்டது.

லேசுப்பட்ட ஏப்பமா அது! ஆழக் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி உருண்டு திரண்டு வந்து, கல்லறை முழுக்கக் கேட்டது. புளித்த சோறும் எண்ணெயும் சாம்பாருமாக ஒரு நாற்றம் சனத்தின் மேல் கவிந்தது. பெட்டி தூக்கி வந்தவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். ஃபாதர் படிப்பதை நிறுத்தினார். ரோசி இன்னொன்று விட்டது, பிறகு நீளமாக மற்றொன்று. முஷ்டிக்குக் கீழே கல்லாய் இருந்த வயிறு இளகி உள்ளே போனது.

"அப்பாடா!" என்றாள் மகாராணி, எல்லாருக்கும் கேட்கும்படியாக. "ஆண்டவரே, ஒமக்கு நன்றி!"

சொன்ன வாயோடு அழுகை வந்தது. மாட்டின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மாட்டுக்கா மனுஷனுக்கா என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. ஃபாதர் அவள் அழுது ஓயும் வரைக்கும் நின்று, விட்ட இடத்திலிருந்து படித்தார்.

பெட்டி இறங்கியது. சின்னத்தாய் கயிற்றை வாங்கிக்கொள்ள, மகாராணி குழியோரம் போய் மண்ணை அள்ளினாள். எண்ணெய்க் கையில் மண் அப்பிக்கொண்டு விழ மாட்டேன் என்றது. இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துத்தான் போட வேண்டியிருந்தது.

குழியை மூடி, குருசு நட்டு, சனம் இறங்கத் தொடங்கியபோது தூறல் விழுந்தது.

"வாம்மா, போவோம்," என்றான் பிரதீப்.

"நீங்க போங்கலே. இது அசைபோட்டாத்தான் பொழச்ச கணக்கு. அதுவரைக்கும் எறக்கத்துல கொண்டுபோகக் கூடாது."

சின்னத்தாய் மட்டும் கூட இருந்தாள். மாட்டைப் பார்க்க முகமில்லாமல், பள்ளத்தாக்கைப் பார்த்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மகாராணி ரோசியின் வாய்க் குச்சியை அவிழ்த்துவிட்டு, புது மண்ணின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக அவர் பக்கத்தில் இப்படிச் சும்மா உட்கார்ந்ததே இல்லை. மருந்து, துணி, வாளி என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இப்போது அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ரோசியின் தொண்டையில் ஒரு உருண்டை மேலேறியது. தாடை பக்கவாட்டில் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. பிறகு நிறுத்தாமல், நிதானமாக மென்றது. மகாராணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசைபோடுதா?" என்று திரும்பாமலே கேட்டாள் சின்னத்தாய்.

"இன்னும் இல்ல மதினி," என்றாள் மகாராணி. "கொஞ்ச நேரம் ஆகும். ஒக்காருங்க."