வெண்ணெய் போட்ட முட்டை

மனைவி விடிவதற்கு முன்பே ரொட்டி ஆலைக்குக் கிளம்பிவிடுவாள். அதனால் மகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்கும் பொறுப்பு அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் தலையில் விழுந்தது. இருபது வருஷமாகக் கம்பியும் கிரீசுமாகப் பழகிய கை. மஞ்சள் உடையாமல், ஓரம் கருகாமல் ஒரு முட்டையைப் பொரித்தெடுக்க அதற்கு ஒரு வாரம் பிடித்தது. ஆரம்பத்தில் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வான். இப்போது சிரிப்பு வருவதில்லை.

மகளுக்குப் பதினாறு வயது. ஐந்து மாதமாக அவளுக்குச் சாப்பாட்டைக் கண்டால் பயம். கொஞ்சினார்கள், கெஞ்சினார்கள், அடிக்கக்கூடக் கை ஓங்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: வியாழக்கிழமைக்குள் எடை இன்னும் இறங்கினால் வார்டில் சேர்த்தே ஆக வேண்டும். ஆஸ்பத்திரி என்றாலே மகள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள்.

அன்று வியாழக்கிழமை. எப்பாடுபட்டாவது ஒரு முட்டையை அவள் வயிற்றுக்குள் போடும்படி சொல்லிவிட்டு மனைவி போயிருந்தாள்.

முட்டைக்கு மகள் ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். அரை டீஸ்பூன் எண்ணெய்தான். அதையும் அவள் கண்ணெதிரே ஊற்ற வேண்டும். ஆனால் அன்று அவள் பல் தேய்க்கப் போன நேரத்தில் அவன் ஒரு பெரிய கரண்டி வெண்ணெயைச் சட்டியில் போட்டுவிட்டான். திருடனைப் போலக் குளியலறைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டான். முட்டை நுரைத்துப் பொரிந்து, பளபளவென்று தட்டில் வழுக்கி இறங்கியது.

அவள் வந்து உட்கார்ந்தாள். ஒரு காகிதத் துண்டை எடுத்து முட்டையின் மேல் ஒற்றினாள். வெண்ணெய் ஊறிக் காகிதம் கண்ணாடி போல ஆகிவிட்டது.

"உன்னை மட்டும்தாம்ப்பா நம்புனேன்" என்றாள்.

அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய், சட்டியைத் தேய்த்துக் கழுவி, எண்ணெயே இல்லாமல் இன்னொன்று பொரித்தான். அது அடிபிடித்துக் கந்தலாக வந்தது. அடுத்ததை அவசரமாக ஓங்கித் தட்டியதில், ஓடும் மஞ்சளுமாக அடுப்பில் வழிந்தது. பெட்டியில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடியே நின்றான். திரும்பினால் அழுதுவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தவள் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. முட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைத் தூக்கினான். பதினாறு வயதுப் பெண்ணைத் தூக்குகிறோம் என்று கைக்குத் தோன்றவே இல்லை. அதுதான் அவனை உலுக்கிவிட்டது.

"எனக்கும் சாப்பிடணும்னுதான் இருக்குப்பா" என்றாள், அவன் தோளில் முகத்தைப் புதைத்தபடி. "தட்டைப் பார்த்ததும் உள்ள யாரோ வேண்டாம்னு கத்துறாங்க. என்னால அதை நிறுத்த முடியல. எடை பார்க்கவெல்லாம் வேணாம், நேரா சேர்த்து விட்ருப்பா."

இத்தனை நாளும் எதைத் தடுக்க அல்லாடினானோ, அதை அவளே கேட்டாள். அவன் அடுப்பை அணைத்தான். அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டான். கை எண்ணெய்ப் பிசுக்கோடுதான் டாக்ஸியைக் கூப்பிட்டான்.

வார்டு வாசலுக்கு வந்ததும் அவள் மனம் மாறிவிட்டது. வீட்டுக்கே போய்விடலாம், இனி எது கொடுத்தாலும் சாப்பிடுகிறேன் என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நர்ஸ் அவள் விரல்களை மெதுவாக ஒவ்வொன்றாக விடுவித்து உள்ளே அழைத்துப் போனார். சாப்பிடும் நேரத்தில் பெற்றவர்கள் உள்ளே இருக்கக் கூடாதாம். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே அவள் அழுவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"பாதி சாப்பிட்டிருக்கா. நாங்களும் கூடவேதான் உக்காந்திருக்கோம்."

மீதியைப் பற்றி அவன் கேட்கவில்லை. மனைவிக்குப் போன் செய்தான். அவள் எடுத்ததும் அவனால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. அந்தப் பக்கம் ஆலை இரைந்துகொண்டிருந்தது. அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.